கால் நீட்டி உட்காரும் தரை

ராயபுரத்திலிருந்து உன் அம்மா, உலையில் அரிசியைப் போட்ட கையோடு உட்கார்ந்து எழுதுவது.

இன்று காலையில்தான் உன் கடிதம் வந்தது. தபால்காரர் முற்றத்துக்குள் நுழையும்போதே, "விசாகப்பட்டணத்துலேர்ந்து வந்துகீதும்மா" என்று குரல் கொடுத்துவிட்டார். உனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்ற வரியைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு அறை, அடுப்படி, பின்பக்கம் தனியாக ஒரு குளியலறை, அதற்குள்ளேயே குழாய். நம் குடும்பத்தில் யாருக்கடா இந்த யோகம்? நானும் உன் நைனாவும் இத்தனை வருஷமாக ஆறேழு குடித்தனத்தோடு ஒரே குளியலறைக்கு வாளியும் கையுமாக வரிசையில் நிற்கிறோம். நீ பல் விளக்கிக்கொண்டே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம், ஒருவரும் கதவைத் தட்ட மாட்டார்கள். முற்றத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு அந்த வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்துக் காட்டினேன். அப்புறம்தான் கடைசி வரிக்கு வந்தேன். குளியலறைச் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, தரையில் பாசி வழுக்குகிறது, பட்டறை நண்பர் ஒரு டப்பா காஸ்டிக் சோடா கொடுத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அதைத் தூவித் தேய்த்துவிட்டால் புதன்கிழமை சரோஜாவும் குழந்தையும் வரும்போது பளிச்சென்று இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அந்த டப்பாவைத் திறக்காதே. உடனே தந்தி கொடுங்கள் என்று நைனாவைப் பிடுங்கி எடுத்தேன். "தந்தில போய் காஸ்டிக்கப் போடாதேன்னு அடிச்சா, போஸ்ட் ஆபீஸ்ல இன்னான்னு நெனைப்பான்? அதுல எத்தினி வார்த்த எய்தமுடியும்? நீ உக்காந்து ஒய்ங்கா எய்து, ராத்திரி மெயில்ல போறாமாரி நானே சென்ட்ரல்ல போய்ப் போட்டுட்டு வரேன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாக இருக்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மற்றது ஓடாது. நேற்று நைனாவோடு திருவொற்றியூருக்குப் போயிருந்தேன். சம்பந்தியம்மா வெந்நீர் போட்டு வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். குளிப்பாட்டுகிற வேலை என்னுடையது என்று அந்த வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நீ இன்னும் அவளைப் பார்க்கவில்லை, பாவம். நெற்றி உன்னுடையது, பிடிவாதம் சரோஜாவுடையது, குரல் யாருடையது என்று தெரியவில்லை, துறைமுகத்துச் சங்கு ஊதுகிறமாதிரி ஊதுகிறாள். ஆனால் காலில் போட்டு முதல் சொம்பு வெந்நீர் முதுகில் விழுந்துவிட்டால் போதும், அழுகை நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் குவித்துக்கொண்டு, இன்னும் ஊற்று என்கிறமாதிரி கிடப்பாள். எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு தடவி, மூக்கையும் தலையையும் நீவிவிட்டு, நான் என் ஆசை தீர ஊற்றுவேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ ஆண்பிள்ளை, குளியலறை என்றால் நின்றபடி நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு வெளியே வருகிற இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது உட்காருகிற இடம். சரோஜா புடவையைத் தொடைவரை வழித்துச் சொருகிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி, வெறுந்தரையில் உட்காருவாள். அந்தக் காலின்மேல் உன் மகள் கிடப்பாள். அவள் மூச்சு விடுகிற உயரம் தரையிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. ஊற்றுகிற வெந்நீர் எல்லாம் தரையில் ஓடி, சரோஜாவின் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் தேங்கி நிற்கும். அவள் நினைத்தபோது எழுந்திருக்கவும் முடியாது, மடியில் எண்ணெய் பூசிய பிள்ளை. தரையில் எது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அது அவள் தோலில்தான் வேலை செய்யும்.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. யுத்தத்தின்போது ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானதே, நாம் அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் என் சித்தி வீட்டில் போய் இருந்தோமே, அது நினைவிருக்கும், உனக்கு ஏழு வயது. உன் தங்கச்சி கஸ்தூரி அங்கேதான் பிறந்தாள். துறைமுகத்து ஆட்கள் வேலையை விட்டுப் போகக்கூடாது என்று நைனாவை நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். அவர் துறைமுகத்திலேயே ஒரு கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் எல்லா வீடும் பூட்டியே கிடந்தன. பயம் கொஞ்சம் தணிந்ததும், வந்துவிடுங்கள் என்று அவர் எழுதினார். நாம் வருவதற்கு முந்தின நாள் முற்றத்துக் கதவைத் திறந்து பார்த்தால், ஒரு மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த குளியலறை. சுவர் கூரைவரை கறுப்பு, தரை பச்சை, உள்ளே தலையை நீட்டினால் மக்கிய நாற்றம். பிறந்த பெண்ணை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. நாளைக்குப் பிள்ளை வருகிறது, இந்தக் கலீஜிலா குளிக்கவைப்பது என்று நேராகப் பட்டறைக்கு ஓடி, எஞ்சின் பாகத்தில் ஒட்டின கிரீசைக் கரைக்க வைத்திருப்பார்களே, அந்தக் காஸ்டிக்கை ஒரு டப்பா வாங்கிவந்து, தாராளமாகத் தூவி, விளக்குமாறு தேயத் தேயத் தேய்த்திருக்கிறார். நீ ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதாக இருக்கிறாயோ, அதையே.

தரை என்னமோ ஜொலித்தது. நான் ரயிலில் வந்த களைப்பை மறந்து அக்கம்பக்கத்தில் திரும்பி வந்திருந்த பெண்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். வடக்கு வீட்டு மைமூன் அக்கா, அதுதான் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தவருடைய வீட்டம்மா, "உன் வூட்டுக்காரு ஷோக்கா பண்ணிக்கீறாரும்மே" என்று சொன்னதும் எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பயண அழுக்குப் போக முதலில் கஸ்தூரியைக் குளிப்பாட்டுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். தரை கடப்பாக்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு இருக்கிறது அல்லவா, அவர் தூவினதில் கரையாத துணுக்குகள் அங்கே போய் உறைந்து கிடந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியவில்லை. வெந்நீர் பட்டதும் கரைய ஆரம்பித்தது. முதலில் தொடைக்கு அடியில் வழுவழுவென்று இருந்தது, பயத்தமாவுதான் வழிந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு சூடு, வெந்நீர்தானே என்று நினைத்தேன். அது வேறு சூடு என்று தெரிந்தபோது கால் இரண்டும் வெந்துகொண்டிருந்தன. எழுந்தால் எண்ணெய்க் குழந்தை வழுக்கி அதே தண்ணீரில் விழும், உட்கார்ந்தால் என் தோல் போகும். குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மைமூன் அக்காதான் முதலில் ஓடிவந்தார். "புள்ளய நான் புடிச்சிக்கினேன், நீ எய்ந்திரும்மே" என்று கஸ்தூரியை வாங்கிக்கொண்டார். நைனா கிணற்றடிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போய் வாளி வாளியாக என் காலில் ஊற்றினார், நிறுத்தவே இல்லை. அவர் முகத்தை அன்று பார்த்தவர்கள் என் காலைப் பார்த்திருக்க மாட்டார்கள். கஸ்தூரிமேல் ஒரு சொட்டுப் படவில்லை.

உன்னிடம், என் காலில் வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொன்னோம். அப்படிச் சொல்லச் சொன்னது நைனா. இன்று அவரிடம் கேட்டேன், பிள்ளைக்கு இதை எழுதட்டுமா என்று. குனிந்து என் காலைப் பார்த்தார். அப்புறம், "எய்து. அவன் டப்பாவத் தொறக்காம இர்ந்தா சரி" என்றார்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. எனக்குக் காலை மடக்கவும் முடியாது நீட்டவும் முடியாது, திண்டாட்டமாகிவிட்டது. பிள்ளையை யார் குளிப்பாட்டுவது? மைமூன் அக்கா நான் செய்கிறேன் என்றார். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடுக்கெல்லாம் இரும்புக் கம்பியால் கிளறிக் கிளறி, நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மறுநாள் கைலியைத் தொடைக்குமேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, அந்தத் தரையில் தானே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார். தன் காலைச் சுற்றித் தானே வெந்நீரை ஊற்றிக்கொண்டு, தண்ணீர் ஆறுகிறவரை அப்படியே இருந்தார். முற்றத்தில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எழுந்திருக்காமலேயே, "இப்ப குடு" என்று கையை நீட்டினார். கப்பலில் சரக்கு இறக்குகிற வின்ச் பிடித்த கை, கஸ்தூரி அதற்குள் காணாமல் போய்விட்டாள். மைமூன் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா தம்பி, மூட்டய எறக்குறாமாரி புடிக்கிற? கய்த்தத் தாங்கிக்கோ" என்றார். "நீ சும்மா இருக்கா, எனுக்கே பேஜாராகீது" என்று இவர் சொன்னதும் முற்றமே சிரித்தது. ஆனால் கஸ்தூரி அழவில்லை. அந்த முரட்டுக் காலில் கிடந்து, அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் புண் ஆறுகிறவரை அவர்தான் குளிப்பாட்டினார். ஆறினபிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்தால், "இன்னிக்கு நான் ஊத்தறனே" என்று கொஞ்சம் தயங்கிக்கொண்டே வந்து நிற்பார். ஆண்பிள்ளை இப்படிச் செய்வதாவது என்று வெளியில் சிலர் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

சரி, காஸ்டிக் இல்லாமல் எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்பாய். அதைக் கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் அடித்த கூத்து இருக்கிறதே. அந்த டப்பாவைப் பார்த்தாலே பயந்து, இனி வீட்டுச் சாமான் மட்டும்தான் என்று பெண்கள் எல்லோரும் முடிவு செய்தோம். குளியலறை தினம் ஒரு வீட்டின் முறை. என் முறை வந்தால் நான் புளியைக் கரைத்துக் கொட்டித் தேய்ப்பேன், பித்தளைத் தவலைக்கு அதுதானே, தரைக்கும் அதுதான் என்று. மறுநாள் மைமூன் அக்கா சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அடுத்த முறை என் புளித்தண்ணீர் சுவரில் தெறிக்கும், சுண்ணாம்பு வழிந்துவிடும். "நான் அட்ச்ச சுண்ணாம்ப எவ நக்கிக்கினு போறா?" என்று அவர் கத்த, "நான் தேய்ச்ச தரைய எவ சொரசொரப்பாக்கறா?" என்று நான் கத்த, ஒரே ரகளை. ஒருநாள் இருவரும் ஒன்றாக நின்றபோது என் கையிலிருந்து புளித்தண்ணீர் சுவரில் பட்டு, சுண்ணாம்பு புசுபுசுவென்று நுரைத்தது. கீழே பார்த்தால் கடப்பாக்கல்லும் லேசாக நுரைக்கிறது. தரையின் மினுமினுப்பை அரித்ததும் நான்தான், சுவரைக் கரைத்ததும் நான்தான். சொரசொரப்பான கல்லில்தான் அழுக்கும் பாசியும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மைமூன் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. புளியும் எலுமிச்சைத் தோலும் உன் பித்தளைக் குழாய்க்கு மட்டும். அதில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அதைக் கொண்டு தேய்த்து உடனே கழுவிவிடு. கல்லிலும் சுவரிலும் படவிடாதே.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடிதம் வந்த அன்றே குளியலறையைப் பூட்டாமல் ஜன்னலையும் கதவையும் திறந்துபோடு. ஞாயிறுவரை நீ கொல்லைக் குழாயிலோ நண்பர் வீட்டிலோ குளித்துக்கொள். ஈரம் இருக்கிறவரை பூஞ்சையை யாராலும் விரட்ட முடியாது, காற்றும் வெயிலும் பாதி வேலையைச் செய்துவிடும். பூந்திக்கொட்டையை உடைத்து முந்தின நாளே வெந்நீரில் ஊறப்போடு. கடையில் தெலுங்கில் குங்குடுகாய் என்று கேள். ஞாயிறு காலையில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவரை அந்தத் தண்ணீரால் நனைத்துத் தேங்காய் நாரால் தேய். உலர்ந்திருக்கும்போது சுரண்டினால் அந்தத் தூள் எல்லாம் உன் நெஞ்சுக்குள் போகும். தரையில் பச்சையாக இருப்பது பாசி. சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதாவது இருந்தால், அது பாசி இல்லை, உப்புத்தண்ணீரில் சோப்புத் திரிந்து படிந்தது, நம் கிணற்றடியிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டுக்கும் சலித்த விறகுச் சாம்பலை ஈரத்தோடு தூவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நாரால் வட்டமாகத் தேய்த்து, பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஊற்றி ஈர்க்கு விளக்குமாற்றால் தள்ளு. சாம்பலும் காஸ்டிக் மாதிரிக் காரம்தான், கையை அவ்வளவு அரிக்காத காரம், இருந்தாலும் கழுவாமல் விடாதே. செங்கல் தூள் போட ஆசை வரும், கல் கீறிக்கொள்ளும், வேண்டாம். முழங்கால் வலிக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும். பாசி போய் அடியிலிருந்து கல்லின் நிறம் தெரிய ஆரம்பிக்கும் பார், அப்புறம் உன்னை யாராலும் எழுப்ப முடியாது. எனக்கு இப்போதே கை பரபரக்கிறது.

சுவர் காய்ந்ததும் சுண்ணாம்பு. எண்ணூர் கழியில் எடுத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு மாதிரி வேறெதுவும் வராது, ஆனால் அதை நான் அனுப்பி நீ வாங்குவதற்குள் புதன்கிழமை வந்துவிடும், அங்கேயே கடலோரத்தில் கிடைக்கும். கொதிக்கிற புதுச் சுண்ணாம்பு வேண்டாம், நீர்த்து ஆறினதாகப் பார்த்து வாங்கி, துணியில் வடிகட்டி, ஒரு பிடி உப்புப் போட்டு, ஞாயிறு மாலையே அடித்துவிடு. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள். நன்றாகக் காய்ந்துவிட்டால் பூஞ்சை அதன்மேல் எளிதில் ஏறாது. தரையில் சிந்தினதைக் காயவிடாமல் அப்போதைக்கப்போது துடைத்துவிடு. அதற்குப்பிறகு தினமும் குளித்தவுடன் தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஈரத்துணியை உள்ளே போடாமல், கதவைத் திறந்துவைத்தால் போதும். சரோஜாவை இதைச் செய்யச் சொல்லாதே, நீயே செய்.

டப்பாவைத் திறக்காமல் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடு, நல்ல மனசோடு கொடுத்தவர், அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. ஒருவேளை ஆசை தாங்காமல் இதற்குள் தூவிவிட்டாய் என்றால், மறைக்காதே, பயப்படவும் பயப்படாதே. அதன்மேல் வேறு எதையும் கொட்டாமல் பச்சைத்தண்ணீராக ஊற்று, இடுக்கைக் குச்சியால் கிளறு, மறுபடி ஊற்று. நைனா கழுவினாரே, அப்படி.

கடைசியாக ஒன்று. செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்ததும், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அந்தத் தரையில் வெறுங்காலை நீட்டி உட்கார். சுற்றிலும் வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஆறுகிறவரை இரு. எரிச்சல் இல்லை, வழுக்கலும் இல்லை என்றால் வீடு தயார். சரோஜாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், நீ எந்த வீட்டில் குடிவைத்தாலும் அங்கே பிள்ளைக்கு முதல் குளியல் அவள் காலில் இல்லை, உன் காலில்தான் என்று. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பந்தியம்மாதான், "மாப்ளைக்கு அதெல்லாம் வருமா?" என்று கேட்டார். நைனா என்னைப் பேசவிடவில்லை, "எனுக்கே வந்துச்சு, அவனுக்கு வராதா?" என்றார். வெந்நீரை முழங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்று. மூட்டை இறக்குகிறமாதிரி பிடித்தாலும் பரவாயில்லை. கழுத்தை மட்டும் தாங்கிப் பிடித்துக்கொள், உன் மகள் அண்ணாந்து உன் முகத்தைப் பார்ப்பாள்.